மருந்தும் உழவாரமும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற சமய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா மேடையில் அன்னையின் அருட்டிறத்தையும் அடியார் வரலாறுகளையும் பேசுவது மரபு. இன்று நான் புல்லைப் பற்றிப் பேச விழைகின்றேன். நம் ஆலயத்தைச் சுற்றியுள்ள முற்றம், தலமரங்கள் நிற்கும் மண், வேலியோரத்துப் பூச்செடிகள், இவற்றைத் தூய்மையாக வைத்திருக்க நாம் தெளிக்கும் களைக்கொல்லி ஆகியவையே என் பொருள். சமய மேடைக்கு இது பொருந்துமா என்று எவரும் ஐயுற வேண்டா. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதைத் தம் தொண்டாகக் கொண்ட ஒருவரை நாம் நால்வருள் ஒருவராக வைத்து நாள்தோறும் வணங்குகின்றோம்.

அப்பரடிகளின் கைக்கருவி

திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தைப் பாருங்கள். அவர் தோளில் சாய்ந்திருப்பது வாளோ வேலோ அன்று. புல் செதுக்கும் உழவாரம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமான் ஊர்தோறும் சென்று, பதிகம் பாடியதோடு அமையாது, திருக்கோயில் வீதிகளில் முளைத்த புல்லையும் முள்ளையும் தம் கையாலேயே செதுக்கினார். அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலில் அலகிட்டு மெழுகி, பூத்தொடுத்துத் தொண்டு செய்தவர். தம்பிக்கு அவ்வழியைக் காட்டியவரும் அவரே.

திருப்புகலூரில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். அடிகள் உழவாரப் பணி செய்த இடத்தில் பொன்னும் நவமணியும் கிடந்தன. அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாக எண்ணி, உழவாரத்தால் ஏந்தி அருகிலிருந்த குளத்தில் எறிந்தார். அடியார் நடக்கும் பாதை காலுக்கு இதமாக இருக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். கோயில் முற்றத்தைப் பேணுதல் என்பதற்கு நம் சமயம் தந்த இலக்கணம் இது. இந்த இலக்கணத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, நாம் இன்று செய்வதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கொடியேற்றத்திற்கு இரண்டு வாரம் இருக்கும்போது நம் ஊர்க் கோயில்கள் பலவற்றில் குத்தகைக்காரர் ஒருவர் வருகின்றார். முதுகில் தெளிப்பான். ஒரு பிற்பகலுக்குள் முற்றம் முழுவதும் தெளித்துவிட்டுப் போகின்றார். சில நாட்களில் புல் மஞ்சளாகிக் கருகுகின்றது. திருவிழாவன்று தரை வெறுமையாக இருக்கின்றது. 'சுத்தமாக இருக்கின்றது' என்று நாமும் மகிழ்கின்றோம்.

வெறுந்தரையே தூய்மை என்று எங்கே கற்றோம்?

இந்தப் பழக்கம் சமயத்திலிருந்து வந்ததன்று. தோட்டத்திலிருந்து வந்தது.

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அந்நகரில் காட்சிப் பொருளாக நிற்கின்றது. அதன்பின் பேராக் மாநிலத்தில் எழுந்த பால்மரத் தோட்டங்களே நம் மூதாதையரை இங்கே கொண்டு வந்தன. அக்காலத்துத் துரைமார்களுக்கு மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இருத்தல் ஆகாது. தரை துடைத்து வைத்தாற்போல் இருந்தால்தான் நல்ல தோட்டம். கங்காணியின் திறமையும் அதைக்கொண்டே அளக்கப்பட்டது. முதலில் அவ்வேலையைச் சங்குலும் அரிவாளும் செய்தன. பின்னர் சோடியம் ஆர்சனைட் என்னும் பாடாணம் வந்தது. அது தெளித்த புல்லை மேய்ந்து மாடுகள் மடிந்ததுண்டு. 1960களில் பாராகுவாட் வந்தது. கிராமக்சோன் என்றால் தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் தெரியும்.

இதில் வியப்பு என்னவென்றால், தரையை வெறுமையாக்குவது தவறு என்பதைத் தோட்ட முதலாளிகளே முன்னதாகக் கண்டுகொண்டனர். நம் நாட்டு மழைக்கு வெறுந்தரை தாங்காது. மேல்மண் கரைந்து ஓடையில் சேர்ந்தது. ஆகவே சென்ட்ரோசீமா, பியூரேரியா, கலப்பகோனியம் போன்ற அவரை இனக் கொடிகளை மரங்களுக்கிடையே மூடுபயிராக வளர்த்தனர். அவை மண்ணைப் பிடித்து நிறுத்தின. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்தன. பின்வந்த செம்பனைத் தோட்டங்களில் எலிகளை ஒழிக்க ஆந்தைகளுக்குக் கூடு கட்டிக் கொடுத்தனர். செம்பனை இலையைத் தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கும் சிறு குளவிகள் தேன் உண்ணும்பொருட்டுச் சாலையோரங்களில் பூச்செடிகளை வளர்த்தனர். இலாபமே குறியாகக் கொண்ட தோட்டங்களுக்கே உயிருள்ள மண் தேவைப்பட்டது. ஆயினும் மர வரிசைகளிலும் செம்பனையைச் சுற்றிய வட்டங்களிலும் தெளிப்பு நிற்கவில்லை. அதைச் செய்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

'மருந்து' என்று பெயர் பெற்ற நஞ்சு

தாய்மார்களே, இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் உங்களுள் பலருக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர்கள் நீங்கள். அவ்வேலைக்கு 'மருந்தடித்தல்' என்று பெயர். மருந்து என்றால் நோயைத் தீர்ப்பது. நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்டதால் அதன்மேல் இருக்கவேண்டிய அச்சம் நம்மைவிட்டு அகன்றது. கையுறையின்றிக் கலக்கினோம். அடைத்துக்கொண்ட குழாயை வாயால் ஊதியவர்களும் உண்டு. காலியான தோம்புகளைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளும் உண்டு.

அதன் விளைவைப் பொதுமக்கள் முன் வைத்தவர்களுள் முதன்மையானவர் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார். அவர் நிறுவிய தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை இணையமும் சேர்ந்து, தோட்டங்களில் தெளிப்பு வேலை செய்த பெண்களை ஆய்ந்து 2002ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டன. மூக்கில் இரத்தம் வடிதல், கண்ணெரிச்சல், தோற்புண், நகம் நிறம் மாறி உதிர்தல், மூச்சுத்திணறல் ஆகியவற்றை அப்பெண்கள் எடுத்துரைத்தனர். பாராகுவாட் உடலுக்குள் அதிகம் சென்றுவிட்டால் நுரையீரலைச் சிதைக்கும். அதற்கு முறிமருந்து இன்றுவரை இல்லை.

2002 ஆகஸ்டில் நம் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. ஐரின் அம்மையார் 2014இல் மறைந்தார். முழுத்தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள். முடிவெடுத்த நாளுக்கும் தடை நிலைத்த நாளுக்கும் இடையே 17 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அத்தனை ஆண்டும் அந்தச் சுமை யார் முதுகில் இருந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நாம் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தோம். அன்னையையும் உடன் அழைத்து வந்தோம். அத்துடன் தோட்டத்துக் கண்ணையும் கொண்டு வந்துவிட்டோம். வெறுந்தரையைக் கண்டால் தூய்மை என்றும், புல்லைக் கண்டால் சோம்பல் என்றும் எண்ணும் கண் அது. தம் உடலை வருத்தித் தோட்டத்தை வெறுமையாக்கிய தாய்மார்கள் இன்று பாட்டிமார்களாக வந்து அமரும் முற்றத்தில் அதே வேலையை வேறொருவர் கையால் செய்விக்கின்றோம். அவர் அண்டை நாட்டிலிருந்து பிழைக்க வந்தவராகவும் இருக்கலாம். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளையே.

இப்போதைய களைக்கொல்லி தீங்கற்றதா?

'பாராகுவாட்தான் போய்விட்டதே, இப்போது தெளிப்பது வேறு' என்று சிலர் கூறுவர். உண்மைதான். இன்று பெரும்பாலும் தெளிக்கப்படுவது கிளைபோசேட். உடனடி நச்சுத்தன்மையில் அது பாராகுவாட்டைவிடப் பன்மடங்கு குறைந்தது. எனினும் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவாண்மை 2015 மார்ச்சில் அதனை 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்னும் பிரிவில் வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அக்கருத்தை ஏற்கவில்லை. அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர்.

தெளித்த தரையில் ஒருமுறை நடந்தாலே நோய் வரும் என்று உங்களை அச்சுறுத்த நான் வரவில்லை. ஆனால் ஆலய முற்றம் மற்ற இடங்களைப் போன்றதன்று. கடைத்தெருவில் காலணியுடன் நடக்கின்றோம். இங்கே அதை வாயிலிலேயே கழற்றி வைக்கின்றோம். பால்குடம் ஏந்துவோர் வெறுங்காலோடு வலம் வருகின்றனர். நேர்த்திக்கடன் செலுத்துவோர் ஈரத்துணியுடன் இதே மண்ணில் உருண்டு அங்கப்பிரதட்சிணம் செய்கின்றனர். அன்னதானத்தின்போது குழந்தைகள் புல்லில் அமர்ந்து உண்கின்றனர். வாதத்திற்குரிய ஒரு பொருளை உலகில் வேறெங்கு பயன்படுத்தினாலும், இங்கே பயன்படுத்த என்ன கட்டாயம்?

நம் வட்டார மண்ணையும் எண்ணிப் பாருங்கள். கிந்தாப் பள்ளத்தாக்கில் பல குடியிருப்புகள் பழைய ஈயலம்ப நிலத்தில் எழுந்தவை. ஈயம் கழுவி எஞ்சிய அந்த மணல் நீரையும் உரத்தையும் தாங்கி வைக்காது. ஈப்போவைச் சூழ்ந்துள்ள மலைகளோ சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. அவற்றின் வெடிப்புகள் வழியாக மழைநீர் விரைந்து நிலத்தடிக்குச் செல்லும். புல் இல்லாத தரையில் விழும் மழை, மண்ணையும் அதில் ஒட்டிய நஞ்சையும் வாய்க்காலில் சேர்க்கும். வாய்க்கால் கிந்தா ஆற்றிலும், கிந்தா பேராக் ஆற்றிலும் கலக்கின்றது.

நாம் அழிக்கும் புல் எது?

பிள்ளையார் சந்நிதியில் அறுகம்புல் மாலை சாத்துகின்றோம். அதைச் சந்தையில் விலை கொடுத்து வாங்குகின்றோம். அதே அறுகு முற்றத்தில் தானாக முளைத்தால் களை என்று கொல்லுகின்றோம். உலகெங்கும் விளையாட்டுத் திடல்களில் வளர்க்கப்படும் புல்லும் இதே அறுகுதான். மிதிபட்டாலும் மீண்டும் துளிர்க்கும். மண்ணை வலையெனப் பின்னிப் பிடிக்கும். விநாயகர் வழிபாட்டுக்குரிய 21 பத்திரங்களுள் நாயுருவியும் ஊமத்தையும் எருக்கும் இடம்பெறுகின்றன. இவை யாவும் வேலியோரத்தில் முளைப்பவை. கீழாநெல்லியும் வல்லாரையும் குப்பைமேனியும் நம் பாட்டிமார்களின் மருந்துப் பெட்டி. நஞ்சை மருந்து என்று அழைத்தோம். மருந்தைக் களை என்று அழைத்தோம்.

மாரியம்மனுக்குரிய வேம்பிலிருந்து கரகத்துக்கும் தோரணத்துக்கும் இலை பறிக்கின்றோம். சிலர் அதை வாயிலிட்டு மெல்லுவதும் உண்டு. அம்மரத்தின் அடியில் என்ன தெளிக்கப்பட்டது என்று இனியாவது கேட்போம்.

செய்ய வேண்டுவன

இனி, நம்மால் இயலக்கூடியவற்றைச் சொல்லுகின்றேன். வீட்டு முற்றத்திற்கும் இவை பொருந்தும்.

முதலாவது, புல்லைக் கொல்லாமல் வெட்டுவோம். நம் ஊர்த் திடல்களில் உள்ள அகன்ற இலைப் புல்லை 5 முதல் 8 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால் அது அடர்ந்து படரும். அதன் நிழலில் மற்ற விதைகள் எளிதில் முளைக்கமாட்டா. ஒருமுறை வெட்டும்போது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறைத்தல் கூடாது. மண் தெரியும்படி மொட்டையடித்தால் களைக்கு நாமே இடம் விடுகின்றோம். வெட்டிய புல் சிறிதாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும். அது மக்கி உரத்தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்யும்.

இரண்டாவது, தலமரங்களைக் காப்போம். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு அடிமரத்துப் பட்டையை உரித்துவிடுகின்றது. பட்டை சுற்றிலும் அறுந்த மரம் பட்டுப்போகும். வேம்பையும் வில்வத்தையும் சுற்றி மூன்றடி வட்டத்திற்குச் சருகையோ தேங்காய் மட்டையையோ பரப்புங்கள். களையும் வராது, இயந்திரமும் நெருங்காது. சருகு அடிமரத்தைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுதல் நன்று.

மூன்றாவது, நிர்மாலியத்தை உரமாக்குவோம். மாலைகள், வாழையிலை, தோரண வாழைமரம், அன்னதானக் கூடத்துக் காய்கறித் தோல் எல்லாம் மூட்டைகளாகக் குப்பை வண்டியில் ஏறுகின்றன. நெகிழி நார், சரிகைக் காகிதம், கற்பூர உறை ஆகியவற்றை நீக்கிவிட்டு, பச்சைக் கழிவு ஒரு பங்கிற்குக் காய்ந்த சருகு இரண்டு அல்லது மூன்று பங்கு எனக் கலந்து, ஒரு மீட்டர் உயரத்திற்குக் குவியுங்கள். வாரம் ஒருமுறை புரட்டினால் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் கறுத்த மக்கு கிடைக்கும். ஈயலம்ப மணலுக்கு அதுவே உயிர். குப்பையைக் கொளுத்துவது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ்க் குற்றம். ஓமகுண்டத்துத் தீ வேறு. குப்பைத் தீ வேறு.

நான்காவது, பூச்செடிகளுக்குப் பஞ்சகவ்வியம். அபிடேகத்திற்குரிய பசுவின் ஐந்து பொருள்களைக்கொண்டே, வாழைப்பழம், வெல்லம், இளநீர் முதலியவற்றைச் சேர்த்து ஏறத்தாழ 30 நாள் புளிக்கவைக்கும் முறையைத் தமிழகத்துக் கொடுமுடி மருத்துவர் நடராசன் அவர்கள் உழவரிடையே பரப்பினார். ஒரு லிட்டர் நீருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் நந்தியாவட்டையும் அரளியும் செழிக்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி கண்டால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்கார நீரும் கலந்து மாலைவேளையில் தெளியுங்கள்.

ஐந்தாவது, சிமெந்துத் தரையின் இடுக்குகள். அங்கே கத்தியால் கெல்லுவதே சிறந்தது. இளஞ்செடிகளுக்குக் கொதிநீர் போதும். உப்பைக் கொட்ட வேண்டா, மண் கெடும்.

ஆறாவது, கொசு. டிங்கிக்கு அஞ்சிப் புகையடிப்பதற்கு முன், திருவிழாவுக்குப் பின் சிதறிக் கிடக்கும் சிரட்டைகளையும் அகல்களையும் கவிழ்த்து வையுங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். வாரந்தோறும் நீரைக் கொட்டினால் கொசு பிறக்கவே வழியில்லை.

ஒரு வேண்டுகோள்

'இதற்கெல்லாம் ஆள் எங்கே, பணம் எங்கே?' என்று பொருளாளர் ஐயா கேட்பது எனக்குப் புரிகின்றது. களைக்கொல்லி மலிவு. ஒருவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுகின்றார். கைவேலைக்குக் கூடுதல் நேரமும் கூலியும் வேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் களைக்கொல்லி மலிவாகத் தோன்றியதற்குக் காரணம், அதன் விலையில் ஒரு பகுதியைத் தெளித்தவரின் உடல் செலுத்தியது என்பதே. நம் சமூகம் அந்தக் கணக்கை நன்றாக அறியும்.

ஆகவே நிர்வாகக் குழுவினரை இரண்டு கேட்கின்றேன். அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஆலய வளாகத்திற்குள் களைக்கொல்லி தெளிப்பதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுங்கள். புல்வெட்டுக் குத்தகையில் அதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். அடுத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உழவாரத் திருப்பணிக்கு ஒதுக்குங்கள். இளைஞர்கள் சங்குலையும் இயந்திரத்தையும் ஏந்தட்டும். காலுக்குச் சப்பாத்தும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணியட்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மக்குக் குழியைப் பார்த்துக்கொள்ளட்டும். பாட்டிமார்கள் அமர்ந்த இடத்திலிருந்து எது கீழாநெல்லி, எது வல்லாரை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும். அவர்கள் முதுகில் சுமந்தது போதும்.

முதல் சில மாதங்கள் முற்றம் சற்றுக் கலைந்து தோன்றும். பொறுத்தல் வேண்டும். புல் அடர்ந்துவிட்டால் வேலை குறையும். அடுத்த திருவிழாவில் பால்குடம் ஏந்தி வரும் அடியாரின் கால் பசும்புல்லில் பதியட்டும். பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகு நம் முற்றத்திலேயே பறித்ததாக இருக்கட்டும்.

எல்லாம் வல்ல அன்னையின் திருவருள் உங்கள் இல்லங்களிலும், நம் ஆலயத்து மண்ணிலும் நிறைக என வேண்டி அமைகின்றேன்.